ஆமெனுக்கு ஓர் அடிக்குறிப்பு

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு பொய். பெரிய பொய் இல்லை. எண்பது சொல்லில் ஓர் அடிக்குறிப்பு. எழுதியவன் நான். ஜெர்மனியில் அச்சாகப்போகிற ஓர் இசைத்தட்டின் உறைக்குள் வைக்கும் சிறு புத்தகத்தில், பதினோராம் பக்கத்தில், என் பெயரோடு அது வருகிறது. தமிழில் எழுதிக் கொடுத்தேன், மூன்று மொழிகளில் பெயர்த்துவிட்டார்கள். இருபத்து மூன்று வருடமாகக் கதை எழுதுகிறேன். என்னை இதுவரை தென்காசிக்கு அந்தப் பக்கம் யாரும் கொண்டுபோனதில்லை.

கதைக்குள் பொய் சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். அந்த வசதியைத் திருப்பிப் போட்டு, கதைக்குள் உண்மையைச் சொல்லிப் பார்க்கலாமே என்றுதான் உட்கார்ந்தேன். மூன்று தொடக்கம் எழுதினேன்.

“தாமிரபரணியின் மேல் பனி மெல்லப் படர்ந்திருந்த அந்த அதிகாலையில்

வேண்டாம். பனியெல்லாம் கிடையாது. ஆறு மணிக்கே சட்டை முதுகில் ஒட்டியது.

“பிலோமினா தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அந்தக் கட்டி

நல்ல வரிதான். ஆனால் நேரில் ‘அக்கா’ என்று கூப்பிடுகிறவரைக் கதை என்றதும் ‘கொண்டாள்’ என்று எழுதக் கை கூசுகிறது. இந்தக் கதை முடிகிறவரை அவர் ‘அவர்’தான்.

“பரோக் இசை என்பது பதினேழாம் நூற்றாண்டின்

கட்டுரை. நீங்கள் தூங்கிவிடுவீர்கள். நேராக ஜெர்வினிடம் போய்விடலாம்.

2

ஜெர்வின் கூடங்குளத்துக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். முப்பத்தாறு வயது. அப்பா வள்ளம் வைத்திருந்தார். மகன் ஐரோப்பாவுக்குப் போய் ஏழு வருடம் பழைய இசை படித்துவிட்டு வந்தார். பழைய இசை என்றால், முந்நூறு வருடத்துக்கு முன்னால் என்ன வாத்தியத்தில், என்ன சுருதியில், எத்தனை பேர் நின்று பாடினார்களோ, அதையே இம்மி பிசகாமல் இன்றைக்குப் பாடுவது. இம்மி பிசகினால் ஜெர்வினுக்குத் தலைவலி வந்துவிடும், உண்மையாகவே மாத்திரை போடுவார்.

அங்கே ஏதோ ஒரு மடத்து நூலகத்தில் அவருக்கு ஒரு கையெழுத்துப் பிரதி கிடைத்தது. ஆயிரத்து எழுநூற்று இருபதில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தில் பேர் தெரியாத பாதிரியார் ஒருவர் எழுதிய ஒரட்டோரியோ. வேதத்திலிருந்து ஒரு கதையை எடுத்து, வேஷம் கட்டாமல், நின்ற இடத்தில் நின்றபடியே பாடித் தீர்ப்பதற்கு அப்படிப் பெயர். இது ஆகாரின் கதை. ஆபிரகாம் வீட்டு அடிமைப்பெண்ணான ஆகாரைப் பிள்ளையோடு பாலைவனத்துக்குத் துரத்திவிடுகிறார்கள். தோல்பையில் தண்ணீர் தீர்ந்துபோகிறது. பிள்ளை சாவதைப் பார்க்கமாட்டேன் என்று தள்ளிப்போய் உட்கார்ந்து அழுகிறாள். அந்த இடத்தில் ஆறு நிமிடத் தனிப்பாட்டு ஒன்று வருகிறது. மொத்த உருப்படியும் அந்த ஆறு நிமிடத்துக்காகத்தான்.

இதை உலகத்திலேயே முதல்முதலாகப் பதிவுசெய்ய வேண்டும், அதுவும் சேரன்மகாதேவி வயலோரம் இருக்கிற ஒரு பழைய மாதா கோயிலில் செய்ய வேண்டும் என்று ஜெர்வின் முடிவுகட்டினார். அந்தச் சுண்ணாம்புச் சுவருக்கு அப்படியே நேப்பிள்ஸ் எதிரொலியாம். அவர் நேப்பிள்ஸ் போனதே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

குறிப்பு எழுத என்னைத் தேடி வந்தார். “சார், உங்க தமிழ்ல ஒரு புராதனம் இருக்கு,” என்றார். நான் விழுந்துவிட்டேன்.

3

வயலினுக்கு இரும்புக் கம்பி கூடாது, ஆட்டுக்குடலைத் திரித்த நரம்புதான் கட்டவேண்டும். ஹார்ப்சிகார்ட் என்று பியானோவுக்கு முப்பாட்டன் முறையாகிற ஒரு பெட்டி புதுச்சேரியிலிருந்து மெத்தை சுற்றி வேனில் வந்தது. வாசிக்கச் சென்னையிலிருந்து எட்டுப் பேர். இத்தாலியிலிருந்து வந்த குடல் நரம்புகள் முதல் ஒத்திகையிலேயே நெல்லை வெக்கையைத் தாங்காமல் பட்டுப்பட்டென்று அறுந்தன. ஜெர்வின் என்னையும் இழுத்துக்கொண்டு மேலப்பாளையத்தில் காஜா முகைதீன் கறிக்கடைக்குப் போனார். குடலைச் சுத்தம்செய்து, முறுக்கி, காயப்போட்டுத் தரமுடியுமா என்று கேட்டார்.

“கொழம்புக்கா?” என்றார் காஜா முகைதீன்.

“வயலினுக்கு.”

அவர் கத்தியைப் பைய கீழே வைத்தார். “தம்பி, எனக்கு அறுக்க மட்டுந்தான் தெரியும். வாசிக்கதுக்கு வேற ஆளைப் பாருங்க.”

[இந்தக் காட்சி கதைக்குத் தேவையில்லை. அவர் கத்தியை வைத்த தோரணைக்காக விட்டுவைத்திருக்கிறேன். ஆனால் இதனால் ஒன்று முடிவானது: மிச்சமிருக்கும் நரம்பை வைத்துக்கொண்டு வெயில் ஏறும் முன்பே பதிவை முடிக்கவேண்டும். அது பிறகு வேண்டியிருக்கும், நினைவில் வையுங்கள்.]

ஒலிப்பதிவுக்கு முஹ்சின். மேலப்பாளையத்துப் பையன், இருபத்தெட்டு வயது. கல்யாண வீடுகளுக்கும் பள்ளிவாசல்களுக்கும் மைக் போடுகிறவன். அவனுடைய வாப்பா சவூதியில் தம்மாமிலிருந்து அனுப்பிய நாலு மைக்குகள் மதுரைக்குத் தெற்கே யாரிடமும் இல்லை என்று பேச்சு. கோயிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு முஹ்சின் என்னென்ன சத்தம் கேட்கும் என்று ஒரு பட்டியல் போட்டான். ஜெர்வின் அதை வாங்கி வரலாற்றுப்படி பிரித்தார். மயில் அகவலாம், மயில் அப்போதும் இருந்தது. தவளை, சரி. பாங்கு சரி, ஆனால் ஒலிபெருக்கி கூடாது. கதிர் அறுக்கும் எந்திரமும் செங்கோட்டை ரயிலும் கண்டிப்பாகக் கூடாது.

“ரயிலுக்கு யாருகிட்ட சார் சொல்லணும்?” என்று முஹ்சின் கேட்டான். ஜெர்வின் மாத்திரை போட்டுக்கொண்டார்.

4

கடைசி விதிதான் முக்கியம். ஆயிரத்து எழுநூற்று இருபதில் நேப்பிள்ஸ் கோயில்களில் பெண்கள் பாடக்கூடாது. ஆகவே இந்தப் பதிவில் பெண் குரலே இருக்காது. சேர்ந்திசையில் ஆண்களும் பள்ளி விடுதிப் பையன்களும் மட்டும். ஆகாராகப் பாட, பெங்களூரிலிருந்து கார்த்திகேசன் என்பவர் வருவார். ஆண்; பெண்ணின் உச்சத்தில் பாடப் பயின்றவர். தட்டை வெளியிடும் ஜெர்மனிக்காரர்களிடம் ஜெர்வின் எழுதிக்கொடுத்த ஒப்பந்தத்தில் ‘முழுவதும் ஆண் குரல்கள்’ என்பது முதல் வரி.

வெனிஸில் அநாதை விடுதிப் பெண்கள் எல்லாக் குரலையும் தாங்களே பாடினார்கள் என்று எங்கோ படித்துவிட்டு ஜெர்வினிடம் கேட்டேன். “அது வெனிஸ் சார். நம்மது நேப்பிள்ஸ்,” என்றார். நேப்பிள்ஸில் அந்த உச்சக்குரல் ஆண்களைச் சிறுவயதிலேயே காயடித்துத் தயாரித்தார்கள் என்பதையும் நான் படித்திருந்தேன். அந்த அளவுக்கு வரலாற்றைக் கார்த்திகேசன் கடைப்பிடிக்கவில்லை என்பதை மட்டும் இங்கே பதிவுசெய்கிறேன்.

ஆனால் கார்த்திகேசன் பதிவுக்கு இரண்டு நாள் முன்புதான் வருவார். அதுவரை பையன்களையும் ஆண்களையும் பழக்குவது யார்? பாளையங்கோட்டையில் அதற்கு ஒரே ஆள்தான் உண்டு.

பிலோமினா அக்கா. ஐம்பத்தொன்பது வயது. பங்குக் கோயில் பாடகர் குழுவில் நாற்பத்தோரு வருடம் முதல் குரல். தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஜேசுதாசன் அண்ணாச்சியின் மனைவி. அவருக்கு மேல்நாட்டு இசையின் ஐந்து கோட்டுக் குறிகள் தெரியாது. டோ ரே மீ என்று எழுத்தில் எழுதித்தான் பாடுவார், எழுதித்தான் சொல்லிக்கொடுப்பார். சென்னைக்காரர்கள் எட்டுப் பேரும் போனில் செயலி வைத்துக்கொண்டு பழங்காலச் சுருதி பிடிக்க ஒரு மணிநேரம் திணறியபோது பின்னால் இருந்து சத்தம் போட்டார்.

“டோ எங்கன இருக்குன்னு மட்டும் காட்டும். மிச்சத்தை நாங்க பாத்துக்கிடுவோம்.”

[இவரை நான் ரொம்ப நல்லவராக ஆக்குகிறேனோ என்று ஒரு சந்தேகம். ஆகவே: பிலோமினா அக்கா பாட்டுத்தாளைச் சுருட்டிப் பையன்கள் தலையில் அடிப்பார். வேறு யாராவது தனியாகப் பாடினால் தானும் கூடவே பாடி அவரை அமுக்கிவிடுவார். மேலப்பாளையத்துப் பாட்டுக்காரி ஒருத்தி தன்னைவிட நன்றாகப் பாடுவதாக யாரோ சொன்னதிலிருந்து அந்தப் பக்கமே பஸ் ஏறுவதில்லை.]

இரண்டு மாதம் சேரன்மகாதேவிக்கும் பாளையங்கோட்டைக்கும் வேனில் போய்வந்தோம். ஒத்திகையில் ஆகார் இல்லாததால் ஆகாரையும் அவரே பாடினார். ஒருநாள் திரும்பும் வழியில் என் கையைப் பிடித்துத் தன் கழுத்தின் இடப்பக்கம் வைத்தார். எலுமிச்சை அளவுக்குக் கட்டி. தைராய்டு. பதிவு முடிந்த பன்னிரண்டாம் நாள் அறுவை. குரல் நரம்போடு ஒட்டிப் போகிறது, பழைய குரல் வருமென்று உறுதி இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“நாப்பத்தோரு வருசம் பாடிட்டேன் தம்பி. ஒண்ணுகூட உருப்படியாப் பிடிச்சு வைக்கல. போன்ல பிடிச்சதைக் கேட்டா டப்பாவுக்குள்ள கோழி கத்துத மாதிரி இருக்கு. ஒரே ஒரு தரம். நல்ல மைக்குல, நல்லா ஒரு பாட்டு. அம்புட்டுத்தான் கேக்கேன்.”

“ஜெர்வின்ட்ட சொல்லட்டுமாக்கா?”

“கட்டியப் பத்திச் சொல்லாதியும். பாவம் பாத்துப் பாட விடுத சோலி எனக்கு வேண்டாம். பாட்டைக் கேட்டு விடட்டும்.”

மறுநாள் அவரே ஜெர்வினிடம் கேட்டார். ஜெர்வின் மிக மரியாதையாக, “ஆன்ட்டி, ஆயிரத்து எழுநூத்து இருபதுல பெண்கள் பாட மாட்டாங்க,” என்றார்.

“இப்ப எந்த வருசம்?” என்று கேட்டார் பிலோமினா அக்கா. ஜெர்வினிடம் விதி இருந்தது.

5

பதிவின் கடைசி நாள். மிச்சமிருந்தது ஆகாரின் பாட்டு மட்டும். காலை ஆறே கால். நரம்புகள் அப்போதுதான் சுருதியில் நின்றன. கார்த்திகேசன் கழுத்தில் கம்பளித் துண்டு சுற்றிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். எட்டு மணிக்கு முன்னால் பேசினால் குரல் கெட்டுவிடும் என்று, காபி வேண்டும் என்பதையும் போனில் தட்டித்தான் காட்டினார்.

மைக்குகளின் அளவு பார்க்கவேண்டும், யாராவது பாடுங்கள் என்றான் முஹ்சின்.

“ஆன்ட்டி, நீங்க நில்லுங்க. சும்மா லெவலுக்குத்தான்,” என்றார் ஜெர்வின்.

பிலோமினா அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் நின்றார்.

அந்த ஆறு நிமிடத்தை எழுத நாலு பத்தி எழுதி அடித்துவிட்டேன். ஒன்றில் புறா பறந்தது. இன்னொன்றில் மெழுகுவர்த்தி. எனக்கு வெட்கமாக இருந்தது. நடந்தது இவ்வளவுதான்: ஒரு பெண் தண்ணீர் கேட்டாள். லத்தீன் எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஆனாலும் தண்ணீர் கேட்கிறாள் என்று தெரிந்தது. நான் அழுதேன். சென்னைக்காரர்களில் ஒருவர் வாசித்துக்கொண்டே அழுதார். வெளியே மயில்கூடக் கத்தவில்லை.

பாட்டு முடிந்து ஹார்ப்சிகார்டின் கடைசி நாதம் தேய்ந்துகொண்டிருந்தபோது, பிலோமினா அக்கா கண்ணை மூடியபடியே ஓர் ‘ஆமென்’ பாடினார். எழுதிய பாட்டில் அது இல்லை. பங்கில் எந்தப் பாட்டானாலும் ஆமென் சொல்லித்தான் முடிப்பார்கள். நாற்பத்தோரு வருடப் பழக்கம் வாயில் வந்துவிட்டது. சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, “லெவலு போதுமா?” என்று கேட்டார்.

எட்டு மணிக்குக் கார்த்திகேசன் துண்டை எடுத்தார். பதினேழு முறை பாடினார். நாலாவது முறையில் ரயில். ஒன்பதாவதில் அறுவடை எந்திரம். பன்னிரண்டிலிருந்து நரம்புகள் இறங்கத் தொடங்கின, பதினேழில் இரண்டு அறுந்தே போயின. மத்தியானம் பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. சென்னைக்காரர்கள் ரயில் ஏறினார்கள்.

6

மூன்று வாரம் கழித்து ஜெர்வின் அறையில் நானும் முஹ்சினும் உட்கார்ந்து பதினேழையும் கேட்டோம். ஒன்றும் தேறவில்லை. கடைசியாக முஹ்சின் தன் மடிக்கணினியில் ‘சும்மா’ என்று பெயரிட்ட கோப்பைத் திறந்தான். அளவு பார்க்கும்போதே பதிவுப் பொத்தானை அமுக்கிவிடுவது கல்யாண வீட்டுப் பழக்கமாம். மாப்பிள்ளை எப்போது வருவார் என்று சொல்லமுடியாது.

ஜெர்வின் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் எழுந்து நடந்தார். “இதுதான்,” என்றார். “இதுதான் சார் ஆயிரத்து எழுநூத்து இருபது.”

“இது பிலோமினா மாமி பாடுனது சார்,” என்றான் முஹ்சின்.

“வரலாற்றுப்படி அந்த இடத்துல ஆண் குரல்தான் இருக்கணும் முஹ்சின். கார்த்திகேசனுக்கு அனுப்பிட்டு அவர் பேர்லயே போட்டுடுவோம்.”

அனுப்பினார். ஐந்து நிமிடத்தில் கார்த்திகேசனிடமிருந்து பதில் வந்தது: ‘அன்னிக்கு நல்லாத்தான் பாடியிருக்கேன். ஆனா ஆமென் எப்போ போட்டேன்னு ஞாபகம் இல்லை.’

ஜெர்வின் அயோக்கியர் இல்லை. அவருக்கு இந்த இசைமேல் இருப்பது பக்தி. பக்திக்காக மனிதர்கள் செய்கிற காரியங்களை நாம் பார்த்திருக்கிறோம்.

“ஆமெனை மட்டும் வெட்டிடு,” என்றார்.

“வெட்ட முடியாது. அடியில நாதம் ஓடுது. வெட்டுனா குழி விழும்.” முஹ்சின் மடிக்கணினியை மூடினான். “சார், நீங்க ஆகாருன்னு சொல்லுத எங்க அன்னை ஹாஜரா தண்ணிக்கு ஓடுனாங்கள்லா, அந்தக் கததான் இது. ஓடுனது பொம்பள. பாடுனது பொம்பள. பேரு மட்டும் ஆம்பளைக்கா? எனக்குச் சரியாப் படல. தட்டுல எம்பேரை எடுத்துருங்க. பொய்ச் சாட்சி ஹராம்.”

ஜெர்வின் என்னைப் பார்த்தார். “சார், அந்த ஆமெனுக்கு நீங்க ஒரு சின்னக் குறிப்பு எழுதிடுங்க. அப்ப யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க.”

7

எழுதினேன்: ‘தனிப்பாட்டின் இறுதியில் ஒலிக்கும் ஆமென் கையெழுத்துப் பிரதியில் இல்லை. பாடகர் தம் உள்ளத்தின் எழுச்சிக்கேற்ப முடிவில் ஓர் ஆமென் சேர்த்துக்கொள்ளும் உரிமை அக்கால நேப்பிள்ஸ் மரபில் இருந்ததாக அறிகிறோம். நெடுங்காலம் மறைந்திருந்த அம்மரபைத் திரு. கார்த்திகேசன் இங்கே தம் ஆழ்ந்த ஆய்வறிவால் மீட்டெடுத்திருக்கிறார்.’ இப்படியே இன்னும் நாலு வரி.

அப்படி ஒரு மரபு கிடையாது. இருபது நிமிடத்தில் நான் உண்டாக்கியது. எழுதி முடித்ததும் நன்றாக வந்திருக்கிறது என்று ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. மொழிபெயர்ப்பாளர் ‘மிக முக்கியமான கண்டுபிடிப்பு’ என்று மின்னஞ்சல் போட்டார். நான் அதை மனைவியிடம் இரண்டு முறை படித்துக் காட்டினேன்.

முஹ்சினுக்குத் தம்மாமில் வேலை கிடைத்தது. போகிற அன்று வீட்டுக்கு வந்து ஒரு பென்டிரைவைக் கொடுத்தான்.

“மாமிட்ட குடுத்துருங்க அண்ணாச்சி. ஆசுபத்திரியில பாக்கப் போனேன், பேசவே முடியல அவுகளுக்கு. அந்த நேரத்துல எனக்குக் குடுக்க மனசு வரல. நீங்க பக்குவமாச் சொல்லிக் குடுங்க. இது அமானிதம்.”

நம்பி ஒப்படைத்த பொருளுக்கு அவர்கள் அப்படிச் சொல்வார்கள். சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

8

இனி முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

அ) நான் பென்டிரைவைக் கொடுக்கிறேன். பிலோமினா அக்கா கேட்டுவிட்டுக் கண்ணீரோடு, “பேரா தம்பி பெருசு? அது என் குரல்னு ஆண்டவருக்குத் தெரியும்லா,” என்கிறார். இது என் கைக்குத் தானாக வந்த முடிவு. நம்முடைய கதைகளில் பெண்கள் இப்படித்தான் மன்னித்து நம்மை வீட்டுக்கு அனுப்புவார்கள். அவரைத் தெரிந்த யாரும் இதை நம்பமாட்டார்கள்.

ஆ) பிலோமினா அக்கா பாட்டுத்தாளைச் சுருட்டிக்கொண்டு ஜெர்வின் வீட்டுக்குப் போகிறார். ஊரே பின்னால் போகிறது. ஜெர்மனிக்காரர்கள் பெயரை மாற்ற

எழுதும்போதே விசில் அடிக்கத் தோன்றியது. அடித்துவிட்டேன், வரியை.

இ) நடந்தது. போன செவ்வாய்க்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். அறுவை முடிந்து ஆறு வாரம். ஜேசுதாசன் அண்ணாச்சி டீ வாங்கப் போயிருந்தார். அக்கா கழுத்தில் கட்டு இல்லை, சிவப்பாக ஒரு கோடு. காற்றும் கரகரப்புமாகத்தான் பேச்சு வந்தது. பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக் குனிந்து கேட்டேன்.

“தம்பி, அன்னைக்கிக் காலம்பற நான் பாடுனேம்லா.”

“ஆமாக்கா.”

“லெவலு பாக்கதுக்கு. அதை யாரும் பிடிச்சு வச்சிருப்பாவளோ? முஹ்சினு கிஹ்சினு?”

பென்டிரைவ் என் சட்டைப்பையில் இருந்தது. கொடுக்கத்தான் எடுத்துப் போயிருந்தேன். கொடுத்தால் கேட்பார். கேட்டால் இது எங்கே வருகிறது, யார் பேரில் வருகிறது என்று கேட்பார். பதினோராம் பக்கத்துக்கு வந்து நிற்போம்.

“இல்லக்கா,” என்றேன். “சும்மா அளவு பாத்ததுதானே.”

“அப்பிடியா,” என்றார். பிறகு, “டீ வந்துரும், குடிச்சிட்டுப் போங்க,” என்றார். குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

9

முடிவை வாசகரிடம் விடுவது நவீன உத்தி, வாசகர்மேல் வைக்கும் மரியாதை என்று நானே கூட்டங்களில் பேசியிருக்கிறேன். இல்லை. பயந்தவன் செய்கிற வேலை அது. தெரிந்தேதான் செய்கிறேன்.

பிலோமினா அக்கா இந்தப் பத்திரிகை வாங்குவதில்லை. நீங்கள் வாங்குகிறீர்கள். பென்டிரைவை இதழோடு சேர்த்து ஒட்டித் தரமுடியுமா என்று ஆசிரியரிடம் கேட்டேன், சிரித்தார். ஆகவே அதை அவருடைய அலுவலகத்திலேயே ஓர் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். இந்தக் கதையைக் காட்டினால் கொடுப்பார்கள். தட்டு அடுத்த மாதம் முதல் வாரம் அச்சுக்குப் போகிறது. அதற்கு முன்னால் பாடியவர் வந்து என் பேர் எங்கே என்று கேட்டால், மாற்றித்தான் ஆகவேண்டும்.

வீடு பாளையங்கோட்டையில். பங்குக் கோயிலைத் தாண்டி இரண்டாவது சந்து, பச்சை இரும்புக் கதவு. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் போங்கள். வாசலில் நின்று கூப்பிட்டுவிட்டு, பதில் வரவில்லையே என்று திரும்பிவிடாதீர்கள். உள்ளேதான் இருப்பார். அவரால் குரல் கொடுக்க முடியாது.